கேஸ் எகிறவில்லை என்றால் எஜெக்டரைத் திட்டாதீர்கள்

போன வாரம் ஆற்காட்டிலிருந்து ஒரு தம்பியின் போன். என்னோடு பட்டாளத்தில் இருந்தவன், இப்போது என்னைப் போலவே லைசன்ஸ் வாங்கி ஒரு பழைய .315 ரைஃபிள் வைத்திருக்கிறான். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுதான் கேஸ், கையால் பின்னுக்கு இழுத்து அதை வெளியே கொண்டுவரும் உருளை போல்ட், கேஸை வெளியே தட்டிவிடுவது எஜெக்டர், ரவுண்டுகள் இருக்கும் பெட்டி மேகசின்.

"இன்னாண்ணே, போல்ட்டை இழுத்தா காலி கேஸ் எகிறவே மாட்டேங்குது, மேகசின் மேலயே படுத்துக்குது. எஜெக்டர் ஸ்க்ரூ தேஞ்சுபோச்சு போல, எங்க கிடைக்கும்?"

சேம்பரைவிட்டு, அதாவது குழலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் அறையைவிட்டு, கேஸ் சுலபமாக வருகிறதா என்று கேட்டேன். வருதுண்ணே என்றான். சரி, அப்போது சேம்பரில் கோளாறு இல்லை. உள்ளேயே பிடித்துக்கொண்டு வர மறுப்பது ஒரு வியாதி, வந்தபிறகு வெளியே எகிறாமல் விழுவது இன்னொரு வியாதி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் கடைக்கு ஓடுகிறார்கள்.

இந்த .315 நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது, பழைய .303 லீ என்ஃபீல்ட் ராணுவ ரைஃபிளின் வழியில் வந்தது. அந்தக் குடும்பத்துத் துப்பாக்கிகளில் எஜெக்டர் என்பது பாடியின் இடது சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூ, அவ்வளவுதான். பெரும்பாலான வேலையைச் செய்வது அந்த இடது சுவரே. போல்ட் பின்னால் வர வர உள்பக்கச் சுவர் கேஸை வலப்பக்கம் நெருக்கும், போல்ட் முனையில் கேஸை இழுத்துவரும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி கேஸின் விளிம்பை வலப்பக்கத்தில் கவ்விக்கொண்டிருக்கும், அந்தக் கொக்கியைச் சுற்றித்தான் கேஸ் திரும்பி வெளியே பாயும். ஸ்க்ரூ கடைசியில் ஒரு தட்டு தட்டுவதோடு சரி. கொக்கியின் பிடி தளர்ந்தால் திரும்புவதற்கு முன்பே கேஸ் நழுவி விழுந்துவிடும். பிடியைக் கொடுப்பது ஒரு குட்டித் தகட்டு ஸ்பிரிங். ஆக, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதை நான் கற்றது வெலிங்டனில் பட்டாளப் பயிற்சி கொடுத்த உஸ்தாத்திடம் இல்லை, 2019-இல் என் சொந்த முட்டாள்தனத்தில். அந்த வருஷம் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-இல்தான் நடந்தது ஞாபகம் இருக்கும். தேர்தலுக்காக மார்ச்சில் போலீஸில் ஒப்படைத்த துப்பாக்கி ஆகஸ்ட்டில்தான் கைக்கு வந்தது. கொடுக்கும்போது துரு பிடிக்கக்கூடாதே என்று போல்ட் முழுக்க எண்ணெயைக் கொழகொழவென்று ஊற்றி வைத்திருந்தேன். நம்ம ஊர் வெயிலைத்தான் சொல்ல வேண்டியதில்லையே, ஐந்து மாதத்தில் அது பிசினாகிவிட்டது. ரேஞ்சில் போய்ச் சுட்டால் மூன்று கேஸ் உள்ளேயே படுத்துக்கொண்டது. நானும் ஸ்க்ரூவைத்தான் சந்தேகப்பட்டேன்.

தம்பிக்குச் சொன்ன சோதனை இதுதான். மேகசினைக் கழற்று, சேம்பரைக் கண்ணால் பார், சுண்டு விரலையும் விட்டுப் பார், அப்புறம் போல்ட்டை வெளியே எடு. ஒரு காலி கேஸின் விளிம்பைக் கொக்கிக்குள் செருகிவிட்டு போல்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பு. கேஸ் நின்றால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. தொங்கி விழுந்தால் பிடி இல்லை. உண்மையான ரவுண்டை வைத்து இந்தச் சோதனையைச் செய்பவனை நான் துப்பாக்கி பக்கமே விடமாட்டேன்.

அவனுடையது விழுந்துவிட்டது. சரி, ஒரு பழைய டூத் பிரஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்து கொக்கிக்கு அடியில் தேய் என்றேன். பித்தளைத் தூள், கருகின வெடிமருந்து, பிசின் எல்லாம் அங்கேதான் அடைந்து கிடக்கும், குழலுக்குள் விட்டு இழுக்கும் புல் த்ரூ கயிற்றில் துணிச் சிந்தி கட்டி குழலை மட்டும் பளபளவென்று துடைப்பவர்கள் அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தேய்த்தபின் கேஸ் நின்றது, ஆனால் பலமாக இல்லை.

எனக்கும் அப்படித்தான் ஆனது, கடைசியில் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டியிருந்தது. அதை லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது, லேத்துப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோகக் கூடாது. இன்னொன்று, இந்தத் துப்பாக்கியில் போல்ட் ஹெட் தனியாகத் திருகிக் கழன்று வரும். அதைப் பார்த்துவிட்டு வேறு துப்பாக்கியின் ஹெட்டைப் போட்டுப் பார்க்கலாமே என்று ஆசைப்பட வேண்டாம். ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பருக்கும் நடுவே கேஸ் உட்காரும் இடைவெளி, மாறினால் கேஸ் கிழிந்து முகத்தில் அடிக்கலாம்.

நேற்று மறுபடி போன். புது ஸ்பிரிங் போட்டாச்சாம், ஆனாலும் சில கேஸ் விழுகிறதாம். போல்ட்டை எப்படி இழுக்கிறாய் என்றேன். கொஞ்சம் தயங்கினான்.

"மெதுவாதாண்ணே. கேஸ் மண்ணுல விழுந்து கீறல் ஆவக்கூடாதுன்னு..."