சித்தியின் மாத்திரையும் சிவப்புச் சாயமும்

ஆய்வகத்தில் நான் முதன்முதலில் வளர்த்தவை எம்சிஎஃப்-7 செல்கள். 1970இல் அமெரிக்காவின் மிச்சிகனில், மார்பகப் புற்றுநோய் முற்றிப்போயிருந்த ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்தவை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், செல்கள் இன்றும் வளர்கின்றன.

ஒரு தட்டில், இந்தச் செல்களை வளரத் தூண்டும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்தேன், இன்னொன்றில் சேர்க்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தன. மூன்று வாரம் மண்டை காய்ந்தது. கடைசியில் சீனியர் அக்கா ஒருவர் வந்து பார்த்து, செல்லுக்கு ஊற்றும் திரவத்தின் நிறத்தைக் காட்டினார். அமிலத்தன்மை மாறினால் தெரிவதற்காக அதில் ஃபீனால் ரெட் என்ற சாயம் போடுவார்கள். அந்தச் சாயமே ஈஸ்ட்ரோஜன் போலச் செல்களைத் தூண்டும் என்று 1986லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். சாயமில்லாத திரவத்துக்கு மாறி, திரவத்தில் சேர்க்கும் சீரத்தையும் (ரத்தத்திலிருந்து பிரித்த நீர்) அதிலுள்ள ஹார்மோன் போகக் கரித்தூளால் சுத்தம் செய்து போட்ட பிறகுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்து, மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் என்ற மருந்தைப் போட்டுப் பார்த்தேன். செல்லுக்குள் இருக்கும் ஏற்பியில், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தில், ஈஸ்ட்ரோஜன் உட்கார்ந்தால், அது டப்பா மூடி போல கச்சிதமாக மூடிக்கொண்டு, பிளவுபடச் சொல்லும் மரபணுக்களை முடுக்கிவிடும். டமாக்சிஃபென்னும் அதே இடத்தில்தான் உட்காருகிறது, ஆனால் அதன் நீண்ட வால் இடிப்பதால் மூடி பொருந்தாது. பெரும்பாலான செல்கள் சாகவில்லை, பிளவுபடாமல் அப்படியே நின்றன. ஈஸ்ட்ரோஜனை நிறைய ஊற்றினேன், மறுபடி பெருக ஆரம்பித்துவிட்டன. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் எங்கள் சித்தி அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பயாப்ஸியில் ஈஆர் பாசிட்டிவ், அதாவது புற்றுச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது என்று வந்ததால் அவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு 5 வருஷம் டமாக்சிஃபென் எழுதியிருந்தார்கள். இரண்டாம் வருஷம், ராத்திரியில் உடம்பு குப்பென்று வேர்க்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டார். எங்காவது நாலு செல் மிச்சமிருந்தால் மாத்திரை அதைப் பிடித்துவைத்திருக்கும், விட்டால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் சித்தி, என்றேன். வேர்வைக்கு டாக்டரிடம் வழி கேட்கலாம், நாமாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்றும் சொன்னேன். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இதே மருந்து கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும். அதனால் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.