பாதி இட்லி

நேற்று காரைக்குடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் பாதி இட்லியோடு தட்டை நகர்த்திவிட்டாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். வகுப்பில் "குண்டு" என்கிறார்களாம். கல்யாண வீட்டிலும் ஒருவர், "என்ன ஆத்தா, இப்படிப் பெருத்துட்டே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். மூன்று வாரமாகக் காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. பிரேயரில் நிற்கும்போது தலை சுற்றுகிறதாம். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது வளர்ச்சிதான். மாதவிலக்கு ஒழுங்காக வரவே உடம்பில் கொழுப்பு வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதற்காகத்தான் பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டதால் குமட்டியிருக்கிறது, அதையும் நிறுத்திவிட்டாள்!

வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்து மாவு, கருப்பட்டி, நெய் சேர்த்துக் கும்மாயம் கிண்டிக் கொடுக்கும் ஊர் நம் ஊர். இங்கேயே ஒரு பிள்ளை சாப்பிடப் பயப்படுகிறாள். "எலும்பன்" என்று கேலி செய்யப்படும் பையன்களுக்கும் இதே வலிதான்.

விசேஷ வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தால் என்ன படிக்கிறாய், என்ன விளையாடுகிறாய் என்று கேளுங்கள். உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், தயவுசெய்து.

சாயங்காலம் நாங்கள் இருவரும் சேர்ந்து கும்மாயம் கிண்டினோம். அடி பிடிக்காமல் கிளறியது அவள்தான். அப்புறம் இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.