ஸ்டாக்கர்: வேட்டையிலிருந்து வந்த சொல்

ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை தருபவரை ஸ்டாக்கர் என்கிறோம். ஆனால் பல நூற்றாண்டுப் பழமையுள்ள அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இந்தப் பொருள் பரவலானது 1980களின் இறுதியில்தான்.

பழைய ஆங்கிலத்தில் ஓசைப்படாமல் பதுங்கி நடப்பதைக் குறித்த வினையே இதன் வேர். திருடுதலைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ இதற்கு நெருங்கிய உறவு. சொல்லுதலைக் குறிக்கும் ‘டெல்’ என்பதற்குப் பேசுதலைக் குறிக்கும் ‘டாக்’ எப்படியோ, அப்படியே ‘ஸ்டீல்’ என்பதற்கு ‘ஸ்டாக்’. செடியின் தண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எழுத்தில் இதை ஒத்திருந்தாலும் வேறு வழியில் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்டாக்கர் என்றால் திருடும் நோக்கோடு பதுங்கித் திரிபவன்.

பின்னர் அது வேட்டையில் நிலைத்தது. ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்கு வருபவர்களை வழிநடத்துபவரின் பணிப்பெயர் இன்றும் ஸ்டாக்கர்தான். தன் வாடை மானுக்கு எட்டாதபடி காற்று எதிரே வீசும் பக்கமாகச் சென்று, புதர்களுக்கிடையே வயிற்றால் ஊர்ந்து நெருங்கும் அவருடைய திறமையெல்லாம், மான் கடைசி நொடி வரை எதையும் அறியாதிருப்பதில்தான் அடங்கியிருக்கிறது.

1989இல் அமெரிக்க நடிகை ரெபெக்கா ஷேஃபர், தன்னைப் பல காலம் பின்தொடர்ந்த ரசிகர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே கலிஃபோர்னியா இதற்கெனத் தனிச் சட்டம் இயற்ற, வேட்டைச் சொல் குற்றச் சொல்லாயிற்று. இந்த உருவகம் பாதிதான் பொருந்துகிறது என்பது என் எண்ணம். வேட்டைக்காரர் தன்னை மறைத்துக்கொள்கிறார். நவீன ஸ்டாக்கரோ பெரும்பாலும் தான் அங்கிருப்பதை உணர்த்தவே விரும்புகிறார். ஓயாத அழைப்புகளும் வாசலில் வைத்துவிட்டுப் போகும் பொருள்களும் அதற்காகத்தான். சட்டங்கள் பலவும் பின்தொடரப்படுபவரின் அச்சத்தை அளவுகோலாகக் கொள்வது இதனால்தான் சரியாகப்படுகிறது.

ஜப்பான் இதே சொல்லைத் தன் ஒலிப்பில் ஏற்று, 2000இல் சட்டமும் இயற்றிவிட்டது. ரஷ்ய மொழியிலோ வேறு கதை. எழுத்தாளர்களான ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972இல் வெளியான தங்கள் அறிவியல் புனைவில், தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து விசித்திரப் பொருள்களை எடுத்து வருபவர்களுக்கு இப்பெயரைச் சூட்டினர். அதனால் அணு உலை விபத்துக்குப் பின் மூடப்பட்ட செர்னோபில் விலக்கு மண்டலத்துக்குள் அனுமதியின்றி நுழைபவர்களும் தங்களைப் பெருமையோடு ஸ்டாக்கர் என்றே அழைத்துக்கொள்கிறார்கள்.