உள்ளே போன தண்ணீர்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால், தடுப்புச் சுவர் ஓட்டைகளில் செம்மண் தண்ணீர் வடிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். வடிந்தால் நிம்மதி, வடியாவிட்டால் தூக்கம் போச்சு, உள்ளேயே நிற்கும் தண்ணீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை மறக்க முடியுமா?

அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். எண்ணெய், எரிவாயுவோடு மேலே வரும் உப்புத் தண்ணீரை ஆழத்துக்கே திருப்பி அனுப்பினார்கள், அழுத்தம் ஏறி, பாறையில் இருந்த பழைய பிளவுகள் நழுவின. 2016 செப்டம்பரில் 5.8 அளவு நிலநடுக்கம். எண்ணெய், எரிவாயு எடுக்கத் தண்ணீரை அழுத்திப் பாறையை உடைப்பதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். அங்கே பெரும்பாலும் காரணம் இந்தக் கழிவுநீர்.

புதுசும் இல்லை. அதே அமெரிக்காவில் டென்வர் நகரத்துப் பக்கம் 1962-ல் ரசாயனக் கழிவை ஆழ்கிணற்றில் இறக்க ஆரம்பித்து 1966-ல் நிறுத்தினார்கள். பெரிய அதிர்வு வந்தது, நிறுத்தின பிறகு, 1967-ல்.