வெள்ளிக்கிழமை ராத்திரி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை

ஆமை பார்க்கலாம் வா என்று அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனால், முதல் அரை மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு செத்த ஆமை. கண்ணில் படுவதற்கு முன்னால் நாற்றம்தான் வந்தது. கிட்டே போனால் கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, ஓட்டுக்கு மேலே நண்டு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எங்களோடு வந்த தன்னார்வலர் ஒரு கல்லூரிப் பையன், இருபது வயதுதான் இருக்கும், மூக்கைக்கூடப் பொத்தாமல் குனிந்து டேப்பை வைத்து ஓட்டை அளந்தான். 66 சென்டிமீட்டர். நோட்டில் எழுதிக்கொண்டான்.

"ஆணா பொண்ணான்னு எப்படிண்ணா தெரியும்?" என்று இவள் கேட்டாள்.

"ஆணுக்கு வால் நீளமா வெளிய தெரியும். இது பொண்ணு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வயித்துல முட்டை இருந்திருக்கும்" என்றான்.

எட்டாவது படிக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்கு ஒரு நொடி கோபம் வந்தது. அப்புறம், இதை மறைத்துவிட்டு ஆமை பார்க்கக் கூட்டி வருவதில் என்ன அர்த்தம் என்றும் தோன்றியது.

சென்னையில் இருப்பவர்களுக்கு 'டர்ட்டில் வாக்' புதிதில்லை. ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்று நீளமான பெயர், எல்லோரும் சுருக்கி எஸ்எஸ்டிசிஎன் என்பார்கள். 1988இல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. பகலில் கல்லூரிக்கோ வேலைக்கோ போகிறவர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ராத்திரியில் கடற்கரையில் நடக்கிறார்கள். வெள்ளி, சனி ராத்திரிகளில் நம்மைப் போன்ற வேடிக்கை பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த நடை இவர்களுக்கும் முந்தியது. 1970களின் தொடக்கத்திலேயே சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் அதைச் சுற்றி இருந்த இளைஞர்களும் இதே கரையில் ராத்திரி நடந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த சதீஷ் பாஸ்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். ஐஐடியில் படிக்க வந்தவர் ஆமை பின்னால் போய்விட்டார். 1982இல், மழைக்காலத்தில் படகே போகாத லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில், ஆமை முட்டையிடுவதைப் பார்ப்பதற்காக மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தை பாட்டிலில் அடைத்துக் கடலில் போட, அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்து, வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கதை விடுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மைதான்.

சரி, நடைக்கு வருகிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நீலாங்கரையில் எல்லோரையும் மணலில் உட்கார வைத்து ஒரு வகுப்பு. டார்ச் அடிக்கக் கூடாது, போனை வெளியே எடுக்கக் கூடாது, ஃபிளாஷ் கூடவே கூடாது, ஆமை வந்தால் கத்தக் கூடாது. வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை, இங்கிலீஷில் ஆலிவ் ரிட்லி. பங்குனி என்று பெயர் இருந்தாலும் தையிலேயே வர ஆரம்பித்துவிடும். அப்புறம் நடை. பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். தார்ரோட்டில் ஏழு கிலோமீட்டர் ஒன்றும் பெரிதில்லை. ஈர மணலில், நாய்கள் குரைத்துக்கொண்டு பின்னாலேயே வர, இடது பக்கம் ஏதோ ஒரு ரிசார்ட்டின் ஃபிளட்லைட் கண்ணைக் கூச, நடந்து பார்த்தால் தெரியும்.

முன்னால் போன பையன் கொட்டிவாக்கம் தாண்டி நின்றான். மணலில் டிராக்டர் டயர் ஏறி இறங்கிய மாதிரி ஒரு தடம், கடலிலிருந்து மேலே போய், கொஞ்சம் தள்ளித் திரும்பி வந்து அலையில் முடிந்தது. பங்குனி ஆமை நாம் தவழ்வதுபோல ஒரு கை, அப்புறம் அடுத்த கை என்று மாற்றி மாற்றிப் போடுமாம். அதனால் தடம் இடமும் வலமும் சமமாக இல்லாமல் மாறி மாறி விழும். பேராமை, அதாவது கிரீன் டர்ட்டில், இரண்டு கையையும் ஒரே நேரத்தில் போட்டு உந்தும், அதன் தடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இருட்டில் தடத்தை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆமை போய்விட்டிருந்தது. தடத்தின் ஓரம் இன்னும் உதிராமல் கூர்மையாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் போயிருக்க வேண்டும். அக்கா மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "மாமா, நீ டீ குடிக்கணும்னு லேட் பண்ணின" என்றாள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆனால் அடுத்து நடந்ததில் அவள் கோபம் போய்விட்டது. பையன் மண்டியிட்டு, குச்சியால் மணலை மெதுவாகக் குத்திக் குத்திப் பார்த்தான். எல்லா இடத்திலும் கெட்டியாக இருந்த மணல் ஓர் இடத்தில் மட்டும் குச்சியை உள்ளே இழுத்துக்கொண்டது. குச்சியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினான். தோள் வரை மணலில் புதைந்து, கன்னம் தரையில் பட, உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்தான். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளையாக, மேலே பிசுபிசுவென்று. இவள் கையில் ஒன்றைக் கொடுத்தான். ஓடு கடினமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள் போல, விரல் பட்ட இடம் லேசாகக் குழிந்ததும் "ஐயோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். 118 முட்டை. எண்ணி முடித்ததும் தோண்டிய குழியின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்தான். கழுத்து குறுகி வயிறு அகன்ற பானை மாதிரிதான் தாய் ஆமை குழி பறிக்கும், பின்னங்காலாலேயே, திரும்பிக்கூடப் பார்க்காமல். பெசன்ட் நகரில் இவர்கள் அமைத்திருக்கும் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே பானையைக் கையால் பறித்து முட்டைகளை வைத்து மூடுகிறார்கள்.

இயற்கையாக இட்ட முட்டையை ஏன் எடுக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. யாருமில்லாத கரையாக இருந்தால் எடுக்கவே வேண்டாம். சென்னையில் எடுக்காவிட்டால் விடிவதற்குள் நாய் தோண்டிவிடும். தப்பித்துப் பொரிந்தாலும், குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போகும். ஒரு காலத்தில் இருட்டுக் கரையில் வெளிச்சமாக இருந்தது கடல் மட்டும்தான். இப்போது ரோட்டு விளக்கைப் பார்த்து ஊர்ந்து போய் வண்டிச் சக்கரத்தில் மாட்டும்.

மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். மார்ச் கடைசியில் வெயில் ஏற ஏறப் பொரிப்பகத்துக்கு நிழல் போடுவதெல்லாம் அதற்காகவும்தான்.

முட்டைகளை வைத்து மூடி முடிக்கும்போது மணி நாலு. ஊரூர் குப்பம் பக்கம் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். செத்த ஆமையைப் பார்த்தோம் என்றேன்.

"எங்க வலையில மாட்னா எங்களுக்குத்தான் நஷ்டம் தம்பி. வலையை அறுத்துத்தான் உடணும். அது பெரிய போட்டுக்காரன் வேலை. ராத்திரில கரையாண்ட வந்து இழுத்துட்டுப் போறான், எங்க வலையும் சேந்து போவுது."

அவர் சொன்னது ஒரு தரப்பு, விசைப்படகுக்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள், டீசல் விலையிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆனால் அடிப்படைக் கணக்கு எளிது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கிற இழுவை வலைக்குள் சிக்கினால் வர முடியாது, மூழ்கிச் சாகும். கடலிலேயே வாழ்கிற ஒன்று தண்ணீரில் மூழ்கிச் செத்தது என்று இவளுக்கு விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தமிழ்நாட்டில் 1983ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, அதன்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. வலையில் ஆமை வெளியேற வழி வைக்கும் 'டெட்' என்ற கருவியும் இருக்கிறது. கம்பித் தடுப்பு, மேலே ஒரு கதவு, மீன் உள்ளே போகும், ஆமை தடுப்பில் முட்டி வெளியே போய்விடும். மீனும் சேர்ந்து போகிறது என்று படகுக்காரர்கள் மாட்டுவதில்லை. 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது, பேப்பரில் எல்லாம் வந்தது. அந்தச் சமயத்தில் தினமும் கரையில் நடந்து பிணங்களை எண்ணியவர்களில் இந்தப் பிள்ளைகளும் உண்டு. அந்த நோட்டுகள் இல்லாவிட்டால் 'ஏதோ நாலைந்து ஆமை செத்துக் கிடந்தது' என்று செய்தி முடிந்திருக்கும். முட்டையைக் காப்பாற்றுவதைவிட இந்த எண்ணிக்கைதான் இவர்களுடைய பெரிய வேலை என்று எனக்கு இப்போது படுகிறது. குஞ்சு விடுகிற படத்துக்குத்தான் லைக் விழும், அது வேறு விஷயம்.

இன்னொன்று. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தடை தொடங்கும்போது நம் கரையில் ஆமை முட்டையிட்டுக் கிட்டத்தட்ட முடித்திருக்கும். அது கரைக்குப் பக்கத்தில் சுற்றுகிற தை, மாசி, பங்குனியில் காவல் அந்த 5 மைல் கோடு மட்டும்தான். ராத்திரியில் அந்தக் கோட்டை யார் பார்க்கிறார்கள்?

முட்டை பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும். மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் பெசன்ட் நகருக்கு மறுபடி போனோம். எங்கள் குழிதானா என்று தெரியாது, எங்கள் குழி என்றே இவள் எல்லோரிடமும் சொன்னாள். கூடையிலிருந்து விட்டதும் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு கூட்டம், சாவி கொடுத்த பொம்மை மாதிரி. ஒரு தன்னார்வலர் முட்டளவு தண்ணீரில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், குஞ்சுகள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் போவதற்காக. ஒன்று மட்டும் திரும்பித் திரும்பிப் பஜ்ஜிக் கடைப் பக்கமே வந்தது. இரண்டு முறை எடுத்துத் திருப்பி விட்டார்கள். மூன்றாவது முறை அலையே வந்து தூக்கிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "எத்தனை பார்த்தீங்க?" என்று கேட்டாள். இவள் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். எப்போது வாங்கினாள் என்று எனக்கே தெரியாது. அந்த முதல் ராத்திரியின் தேதி போட்டு, 'செத்தது 1, பெண், 66 செ.மீ.' என்று முதல் வரியில் எழுதியிருந்தாள்.