வேளாங்கண்ணியோடு திரும்பிவிடாதீர்கள்

வீட்டுக்கு வந்து இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். இப்போது எழுதாவிட்டால் ஆறிப்போய்விடும். பிப்ரவரி முதல் வாரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தரங்கம்பாடியில் ஆரம்பித்து, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை மூன்று நாள் போய்வந்தோம். எனக்குப் பழைய கட்டடமும் கல்வெட்டும் வேண்டும், இவருக்குப் பறவையும் மிருகமும் வேண்டும், இரண்டு பேருக்கும் கடல் வேண்டும். எல்லாம் ஒரே கரையில் வரிசையாகக் கிடைக்கிற இடம் இது. ஆனால் ஜனங்கள் வேளாங்கண்ணிக்கு வந்து மாதாவைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ரயிலேறிவிடுகிறார்கள். நாங்களும் பல வருஷம் அதைத்தான் செய்தோம், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ரயில், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று கிளம்பினோம். அது என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடித்துத் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. கடலோரத்திலேயே பழைய மாளிகையை விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு ராத்திரி வாடகையே எங்கள் கணக்கில் பாதியை விழுங்கிவிடும். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாதாரண அறை ஒன்று எடுத்துக்கொண்டோம். சுத்தமாக இருந்தது, போதும்.

ஊருக்குள் நுழைகிற பழைய வாசலைத் தாண்டியதுமே தெரு மாறிவிடுகிறது. நேர்க்கோடாக ஓடும் ராஜ வீதி, இரண்டு பக்கமும் தேவாலயங்கள், கோடியில் கடல். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை அந்தக் கோடியில்தான் நிற்கிறது. 225 வருஷம் வைத்திருந்துவிட்டு 1845இல் இந்த ஊரையும் வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு ஊரை ஜனங்களோடு சேர்த்து விலை பேசியிருக்கிறார்கள் என்பதைக் கோட்டைச் சுவரில் கைவைத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கோட்டை இல்லை, புதிய எருசலேம் தேவாலயம். 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1714இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடிக்கத் தொடங்கிய ஊர் இது. ஜெர்மனியில் இருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் கட்டுப்படியாகவில்லை, அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையே போட்டார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 1718இல் கட்டிய அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். இறந்தபோது வயது 36. என் வயதைவிட இரண்டு குறைவு. நான் அங்கேயே பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், இவர் வெளியே மரங்கொத்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அந்தக் காலக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. பழைய கோயிலில் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது கருங்கல் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள், அலை அந்தக் கல்லில் மோதும் சத்தம் சன்னிதி வரை கேட்கிறது. 2004 சுனாமியில் இந்த ஊர் நிறைய உயிர்களைப் பறிகொடுத்தது. கோயில் பக்கம் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கடலைப் பாத்து எனக்குக் கோவமும் வராது தாயி, பயமும் போகாது" என்றார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் நாகப்பட்டினத்தில் இருந்து வேதாரண்யத்துக்கு ஏறிய பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்றரை மணி நேரம் என்றார் கண்டக்டர், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. கடைசி சீட்தான் கிடைத்தது, அதில் ஒரு பக்கம் பஞ்சு பிய்ந்து கம்பி தெரிந்தது, ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டதால் காற்றும் இல்லை, வெளியும் தெரியவில்லை. கைகாட்டுகிற இடத்திலெல்லாம் நிறுத்தினார்கள், அதுகூடப் பரவாயில்லை, கிராமத்து ஜனங்களுக்கு அந்த பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் தலைக்கு மேலேயே இருந்த ஸ்பீக்கரை அவ்வளவு சத்தமாக அலற விட்டதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஒரு கைக்குழந்தை வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தது. குறைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கியதும் இன்னொன்று. வேதாரண்யத்தில் இருந்து கோடியக்கரை பன்னிரண்டு கிலோமீட்டர் கூட இல்லை. ஆட்டோக்காரர் போக வர 900 என்றார், தலைவலியில் பேரம் பேசத் தெம்பில்லாமல் சரி என்றுவிட்டோம். திரும்பி வந்து இறக்கிவிடும்போது காத்திருந்ததற்கு 600 என்று தனியாகக் கேட்டார், அதை முன்னாடியே சொல்லவே இல்லை. வாக்குவாதம் செய்து 1,300 கொடுத்து அனுப்பினோம். அடுத்த நாள் பார்த்தால் டவுன் பஸ்ஸே போகிறது, பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட்டே இல்லை, இவருக்குச் சில்லறைக் காசு. போகிறவர்கள் பஸ் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில்தான் போவோம் என்றால் காத்திருக்கும் காசையும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

கோபத்தை ஆற்றியது சாப்பாடுதான். ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பெஞ்ச் போட்டு நடத்துகிற சின்ன மெஸ். மடவை மீன் குழம்பு. புளி தூக்கலாக, தேங்காய் அரைத்து ஊற்றாமல், மண்சட்டியில் முதல் நாளே வைத்தது. மேலே மிதந்த எண்ணெயை ஓரம் ஒதுக்கிவிட்டு அந்த அக்கா சோற்றில் குழி பண்ணி ஊற்றினார். மீன் முள்ளில் இருந்து வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து 240 ரூபாய், அதுவும் இவர் மூன்றாவது முறை சோறு வாங்கிய பிறகு.

சரி, கோடியக்கரை. 1967இல் சரணாலயமாக அறிவித்த காடு. பாலை மரங்கள் நிறைந்த வறண்ட பசுமைக்காடு, நடுநடுவே புல்வெளி. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான், விழுந்த மரங்களின் கட்டைகள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. வெளிமான்களும் அப்போது நிறைய செத்துப்போயின. அதனால்தான் புல்வெளியில் முதல் கூட்டத்தைப் பார்த்ததும் இவர் என் கையை அப்படி அழுத்திப் பிடித்தார். இருபதுக்கு மேல் இருக்கும். பெண் மான்கள் வெளிர்பழுப்பு, கொம்பு இல்லை. இரண்டு கிடாக்கள், முதுகெல்லாம் கறுத்து, முறுக்கிய கொம்புகளோடு, தலையைத் தாழ்த்தி மோதிக்கொண்டன. கொம்போடு கொம்பு உரசும் சத்தம் காய்ந்த மூங்கிலைத் தட்டுகிற மாதிரி தெளிவாகக் கேட்டது. தோற்ற கிடா விலகி ஓடும்போது தரையில் இருந்து ஆளுயரம் எழும்பிக் குதித்தது, அதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தன. பத்து விநாடிகூட இருக்காது. அதை நினைத்தால் அந்த 1,300 ரூபாய் எனக்கு மறந்துபோகிறது.

கொஞ்சம் தள்ளிக் காட்டுக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சேணம் பழகாத குதிரையை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் புகுந்து பரவிக்கொண்டிருப்பதைப் பார்க்கத்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அது மூடிவிட்டால் வெளிமானுக்கு ஓட இடம் ஏது?

பூநாரைகளைப் பார்த்தது சதுப்பில், உப்பளங்களை ஒட்டி. தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தது, பைனாகுலரில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து வடிகட்டித் தின்கின்றன. உப்புநீரில் வளரும் பாசியும் சின்ன இறால்களும்தான் அந்த இறக்கைக்கு ரோஜா நிறம் கொடுக்கின்றனவாம், இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கரையோரச் சேற்றில் கொசு உள்ளான் என்கிற குட்டிப் பறவைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் எடை இருபது முப்பது கிராம்தான். வடதுருவத்துப் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கின்றன.

அதே உப்பு பற்றி என் பங்குக்கு நான் சொல்ல ஒன்று இருந்தது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் இருந்து தொண்டர்களோடு நடக்க ஆரம்பித்த ராஜாஜி 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார், 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். வழியில் அவர்களுக்குச் சோறு போடக்கூடாது என்று கலெக்டர் தடை போட்டபோது, ஜனங்கள் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். அதற்காக எழுப்பிய நினைவுத் தூணுக்குப் பக்கத்தில் இப்போதும் உப்பளம்தான். பருவம் தொடங்குகிற நேரம் என்பதால் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று பாத்திகளைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டியின் குதிகால் வெடிப்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. பூநாரையும், சத்தியாகிரகமும், இந்தப் பாட்டியின் பிழைப்பும் ஒரே தண்ணீரில் இருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றியது, இவரிடம் சொன்னேன். பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டு அவரும் அந்தப் பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செலவுக் கணக்கு கடைசியில் 12,900. தொள்ளாயிரம் கூடியதில் கிட்டத்தட்டப் பாதி, ஆட்டோவுக்குப் பேசியதற்கு மேல் கொடுத்தது.

கடைசி நாள் காலையில் கடற்கரையில் வனத்துறை அமைத்திருக்கும் ஆமை முட்டைப் பொரிப்பகத்துக்குப் போனோம். பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறிக் குழிதோண்டி நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போய்விடும், நாயும் நரியும் தோண்டுவதற்குள் எடுத்துவந்து வேலிக்குள் புதைத்து வைக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி, குச்சியில் அட்டை. எங்களுக்கு நேர் எதிரே இருந்த அட்டையில் பேனாவால் எழுதியிருந்தது: 31.1, 112 முட்டை. மேலே பார்த்தால் வெறும் மணல்தான். காவலர் தம்பி, "நாப்பத்தஞ்சு நாள்ல இருந்து அறுபது நாளுக்குள்ள வெளிய வந்துரும் சார், சாயங்காலம் கடல்ல விடுவோம்" என்றார். இவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பஸ் ஏறியதும், "மார்ச் 17ல இருந்து மாச கடைசிக்குள்ள" என்றார். மார்ச் 20 வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த முறை நேராக வேதாரண்யம்தான்.