கங்கையில் வரும் மலைமண்

கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போகும் வழியில் உள்ள கங்கைப் பாலத்தில், மாரி மழை வலுத்த ஒவ்வொரு ஆண்டும் சிறிது நேரம் நின்று ஆற்றைப் பார்ப்பது என் வழக்கம். கோடையில் தெளிந்து கிடக்கும் மகாவலி, அந்த நாட்களில் பால் தேநீரின் நிறத்தில் புரண்டு கொட்டியாரக்குடாவில் விழும். 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு அது. அந்தக் கலங்கல் முழுவதும் மலையகத்து மண் என்று நான் சொல்ல மாட்டேன். இடையில் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைக்கட்டுகள் மண்ணின் பெரும்பகுதியைத் தம் அடியிலேயே தேக்கிக்கொள்கின்றன, சமவெளியின் வயல்களும் கரைகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இருந்தாலும் அந்த நிறத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு வெலிமடைப் பக்கத்தில் இருக்கும் அத்தையின் தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் அப்பா திருகோணமலைக்கு வந்துவிட்டார். அவருடைய தங்கை மலையிலேயே தங்கிவிட்டார்.

அத்தை அரை ஏக்கர் சரிவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் பயிரிடுகிறார். அந்தச் சரிவில் வடியும் நீர் ஓடைகள் வழியே உமா ஓயாவை அடைந்து, ரந்தம்பேக்கு அருகில் மகாவலியோடு கலக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் போயிருந்தபோது, பாத்திகள் எல்லாம் மேலிருந்து கீழாகச் சரிவின் போக்கிலேயே இழுக்கப்பட்டிருந்தன. மண்ணரிப்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் இது பிழையாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது, அதைச் சொல்லியும்விட்டேன். “தம்பி, தண்ணி நின்னா கெழங்கு அழுகிப்போகும். மண்ணு போறது எங்களுக்குத் தெரியாதா?” என்று அத்தை கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. மலைச்சரிவில் பயிரிடும் ஏழை விவசாயி அறியாமையால் மண்ணை இழப்பதில்லை. தேங்கும் நீரால் இந்தப் போகத்துக் கிழங்கு அழுகுமா, ஓடும் நீரால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நிலம் கெடுமா என்ற இரண்டு இழப்புகளுக்கு நடுவில், கடனை இந்தப் போகத்திலேயே அடைக்க வேண்டியவர் முதலாவதைத் தடுப்பதைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் போகும் மண் தனியாகப் போவதில்லை. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அது முதலில் எடுத்துச் செல்வது மக்கும் சத்தும் நிறைந்த மேல்மண்ணை, அதோடு கடன் வாங்கிப் போட்ட உரத்தை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, பின்னர் உரத்தின் விலை தாங்க முடியாத அளவுக்கு ஏறிய காலத்தில், மழையோடு உரமும் போவதை அத்தை எவ்வளவு வேதனையோடு பார்த்திருப்பார் என்பதை நான் கேட்காமலேயே அறிவேன்.

இலங்கையில் மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தேயிலைத் தோட்டங்களில் நீர் வடியக் கான் (வாய்க்கால்) வெட்டுவதும் கல் அணை கட்டுவதும் அதற்கும் முந்திய பழக்கம். ஆனால் அங்கே கான் வெட்டச் சம்பள ஆள் உண்டு. அரை ஏக்கர்க்காரருக்கு அவருடைய இரண்டு கைகள்தான்.

ஆகையால் அத்தையின் நிலைக்குப் பொருந்துவது எது என்று தேடிப் படித்தேன். பிலிப்பைன்சின் மின்டனாவோ தீவில் 1970களில் உருவான சரிவுநில விவசாய முறை என் மனத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. சம உயரக் கோடுகளின் வழியே, நான்கைந்து மீற்றருக்கு ஒன்றாக, நெருக்கமான இரட்டை வரிசை வேலி நட்டு, அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி வெட்டி, வெட்டிய தழையை இடையிலுள்ள பயிருக்கே இடுவது அதன் அடிப்படை. அந்தக் கோடுகளைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு நீண்ட கம்புகளை உச்சியில் கட்டி, குறுக்கே ஒரு கம்பை இணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டால் போதும். கயிறு குறுக்குக் கம்பின் நடு அடையாளத்தைத் தொடும்போது இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அத்தை அஞ்சிய அழுகலுக்கும் வழி இருக்கிறது: பாத்திகளை முழு மட்டமாக இழுக்காமல், நூறு அடிக்கு ஓர் அடி அளவில் மெல்லச் சாய்த்து, ஓரத்தில் புல் வளர்த்த வடிகாலுக்குள் நீரை இறக்கிவிடலாம்.

எங்கள் வேலிகளில் கிளிசரியாதான் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் உயரமான குளிர்ப்பகுதியில் அது நன்றாக வளர்வதில்லை. அதைவிட முக்கியமான காரணத்தால் நான் மாட்டுக்கான நேப்பியர் புல்லைச் சொன்னேன். வரிசை பிடிக்கும் இடம் பயிருக்கு நட்டம். அந்த நட்டத்தை வேறொன்று உடனே ஈடுசெய்ய வேண்டும். புல் ஒரு கறவை மாட்டை வளர்க்கும், பால் அன்றாடம் பணம் தரும், சாணம் பாத்திக்குத் திரும்பும். மண்ணைக் காக்கும் வேலியே வீட்டுக்கும் வருமானம் கொடுத்தால்தான் அது மூன்றாவது ஆண்டிலும் பிடுங்கப்படாமல் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் குத்தகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. நிலத்தைத் திருத்திய பிறகு உரியவர் திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்ற அத்தையின் அச்சத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. குத்தகையை எழுத்தில், சில ஆண்டுகளுக்காவது உறுதிசெய்து கொடுக்காமல், மண்ணைக் காக்கும்படி அவரிடம் கேட்பது நியாயமாகாது.

அத்தை ஒரே ஒரு வரிசையை மட்டும், தோட்டத்தின் அடிப்பக்கத்தில், நட்டுப் பார்த்தார். கடந்த கார்த்திகை மழைக்குப் பிறகு தொலைபேசியில் பேசும்போது, புல்லுக்குப் பின்னால் ஒரு சாண் உயரத்துக்கு மண் சேர்ந்து நிற்கிறது என்றும், அதைக் கூடையில் அள்ளி மேல் பாத்திகளுக்கே கொண்டுபோய்ப் போட்டதாகவும் சொன்னார். நடுச்சரிவில் அடுத்த வரிசைக்கான கரணைகளை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறாராம்; கம்புச் சட்டத்தைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், தை மாதம் வந்துவிட்டுப் போ என்றார்.